காளைக்குக் கத்தும் மாடும் அதன் மூளையும்: முதல் பசு வாங்கியவர்களுக்கு

இரவு பத்து மணிக்கு மேல், மலையகத் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் பசு அடித்தொண்டையில் இழுத்து இழுத்துக் கத்தினால், புதிதாக மாடு வாங்கியவர் முதலில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடுவார். அப்புறம் தண்ணீர் வைப்பார். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கட்டுப் புல்லைப் போடுவார். நானும் இதையெல்லாம் செய்தவன்தான். பக்கத்துக் காம்பராப் பெரியவர் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "தம்பி, அதுக்குப் பசியுமில்ல, பயமுமில்ல. காளைக்குக் கத்துது. விடிஞ்சதும் டொக்டருக்குப் போன் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் மாடு அடங்கிவிட்டது. அடங்கிவிட்டதே, இனி எதற்குப் போன் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு நாள் சோம்பலுக்கு நான் கொடுத்த விலை மூன்று வாரத் தவிடும் புண்ணாக்கும். அடுத்த முறையும் தவறவிட்டேன், ஆக ஆறு வாரம். மாடு வளர்ப்பில் பால் கறப்பதையும் புல் அறுப்பதையும் யாரும் ஒரு கிழமையில் பழகிக்கொள்ளலாம். மாடு எப்போது சினைக்குத் தயார் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான தொழில். அது மாட்டின் மூளையில் தொடங்குகிற விஷயம் என்பதால், இந்த வழிகாட்டியையும் மூளையிலிருந்தே தொடங்குகிறேன். வேலையை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் காரணம் தெரிந்தவர்தான் மாடு புத்தகப்படி நடக்காத நாளில் தடுமாற மாட்டார்.

தலைக்குள் நடப்பது

மூளையின் அடியில் ஐப்போதலமசு என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே காம்பில் தொங்குவது போல கபச்சுரப்பி. ஏ.எல். உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்போதலமசு பெரிய துரை, கபச்சுரப்பி கணக்கப்பிள்ளை, சூலகம் மலையில் நிற்கும் ஆட்கள். துரை அனுப்பும் துண்டுச் சீட்டுக்கு ஜி.என்.ஆர்.எச். என்று பெயர். வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி அது. அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க, இறைச்சிக் கூடங்களிலிருந்து இலட்சக்கணக்கான பன்றிகளின், ஆடுகளின் மூளைத் துண்டுகளைச் சேர்த்து வடித்தெடுத்தார்கள். 1971இல் விடை கிடைத்தது. ஆண்ட்ரூ ஷாலி, ரொஜர் கில்லமின் இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாட்டு டொக்டர் சின்னக் குப்பியிலிருந்து எடுத்துப் போடும் ஓர் ஊசி அந்தச் சங்கிலியின் நகல்தான்.

இந்தச் சீட்டைத் தொடர்ச்சியாக அனுப்பினால் வேலை நடக்காது, விட்டு விட்டு அனுப்ப வேண்டும். இடைவிடாமல் சத்தம் போடும் கங்காணியை ஆட்கள் காதில் வாங்குவதில்லை அல்லவா, அதே கதை. சீட்டு ஒழுங்கான இடைவெளியில் வந்தால், கபச்சுரப்பி தன் ஓமோன்களை இரத்தத்தில் விடும். சூலகத்தில் முட்டைப்பை வளரும். வளர்கிற முட்டைப்பை ஈஸ்ட்ரஜனைச் சுரக்கும். இதற்கு மேல், தோட்டத்தில் நடக்காத ஒன்று நடக்கிறது: கீழே இருப்பவர் சொன்னதை மேலே இருப்பவர் கேட்கிறார். ஈஸ்ட்ரஜன் ஓர் அளவைத் தாண்டியதும் இரத்தத்தோடு மூளைக்கு ஏறி, 'நான் தயார்' என்று சொல்கிறது. உடனே துரை சீட்டுகளை அள்ளி வீச, கபச்சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஓமோன் ஒரே அலையாகப் பாய்கிறது. முட்டையை வெளியே தள்ளுவது அந்த அலை.

அதே ஈஸ்ட்ரஜன் மூளையில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. நேற்று வரை இன்னொரு மாடு முதுகில் தாடையை வைத்தாலே விலகிப் போன பசு, இன்று அசையாமல் நிற்கிறது. முட்டையைத் தள்ளுவதும் மாட்டை நிற்க வைப்பதும் ஒரே சரக்கின் இரண்டு வேலை என்பதால்தான், வெளியே தெரிகிற நடத்தையைப் பார்த்து உள்ளே நடப்பதை நாம் கணக்குப் போட முடிகிறது. இந்தத் தொழில் முழுவதும் இந்த ஒரு பொருத்தத்தின் மேல் நிற்கிறது.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உருவாகிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கும். அது சுரந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் பசு காளையை அண்ட விடாது. சினை பிடிக்கவில்லை என்றால், பதினாறு பதினேழு நாள் அளவில் கருப்பையே புரொஸ்டகிளாண்டின் என்ற ஒன்றை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். தடை நீங்க, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்று சராசரியாக 21 நாள். 18இலும் வரலாம், 24இலும் வரலாம்.

துரைக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது. கிஸ்பெப்டின் என்று பெயர். இதற்கான மரபணுவை 1996இல் அமெரிக்காவின் ஹேர்ஷி என்ற ஊரில் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் 'கிசஸ்' சொக்லேட்டை நினைத்து வைத்த பெயர் அது. புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்த பொருள், பருவமடைவதற்கே அதுதான் சாவி என்று 2003இல் தெரிந்தது. உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தீனி போதுமா, பயம் இருக்கிறதா என்ற செய்திகளில் பல இந்த வழியாகத்தான் துரைக்குப் போகின்றன. நம் பசுக்கள் ஏன் பருவத்துக்கு வருவதில்லை என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது.

மாடு பிடிக்கும்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கிடேரி வாங்குகிறீர்கள் என்றால், பல்லைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்: "இது தனியாகப் பிறந்ததா, ரெட்டையா?" காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. தாயின் வயிற்றில் இரண்டு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால், காளைக் கன்றின் ஓமோன்கள் கிடேரிக்குள் போய் அதன் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் செய்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் அழகான கிடேரியாக இருக்கும். விலையும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். எங்கள் டிவிசனில் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி இரண்டு வருஷம் புல் போட்டார். கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தார், பாவம்.

அடுத்து எடை. கிடேரிக்கு வயது முக்கியமில்லை, உடம்புதான் முக்கியம். வளர்ந்த பசுவின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டிய பிறகுதான் சினை ஊசி, அதாவது காளை இல்லாமல் விந்தை உள்ளே செலுத்தும் ஊசி, போட வேண்டும். மானாப் புல்லை மட்டும் தின்று வளர்ந்த கிடேரி மூன்று வயதிலும் பருவத்துக்கு வராமல் நிற்கும். அதன் மூளை 'இன்னும் நேரம் இல்லை' என்று கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கை ஓமோன் ஊசியால் மாற்றுவதைவிட நேப்பியர் புல்லாலும் தவிட்டாலும் மாற்றுவது மலிவு.

நுவரெலியா, அம்பேவல, தலவாக்கலை பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், சராசரியாக 16 பாகை அளவு குளிரில் இருக்கிறது. பிரீசியன், அயர்ஷயர் கலப்பு மாடுகளுக்கு அது சொந்த ஊர் மாதிரி. கீழே வெக்கையில் அதே மாட்டின் பருவ அறிகுறி குறுகி மங்கிவிடும்.

கலண்டரும் ஒரு சிவப்புப் பென்சிலும்

காம்பராச் சுவரில் தொங்கும் கலண்டரே போதும். கன்று போட்ட நாளைக் குறியுங்கள். மாடு கத்திய நாள், யோனியிலிருந்து வழவழப்பான ஒழுக்கு கண்ட நாள், ஊசி போட்ட நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். அதனால் இந்தச் செவ்வாய் கத்திய மாட்டை மூன்றாம் செவ்வாயை ஒட்டிய நாட்களில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இதைக் கொழுந்து ரவுண்டை, அதாவது கொழுந்து பறிக்க அதே மலைக்குத் திரும்பிப் போகும் முறையை, வைத்துக் கணக்குப் பண்ணுவார். ஏழு நாள் ரவுண்டு ஓடும் காலத்தில், 'அதே மலைக்கு மூணாவது தடவ போறப்ப மாடு கத்தும்' என்பார். ரவுண்டு பிந்தினால் கணக்கும் பிந்தும் என்பதால் நான் கலண்டரையே நம்புகிறேன்.

கன்று போட்ட பிறகு முதல் இரண்டு மாதம் அவசரப்பட வேண்டாம். கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப அந்த நேரம் தேவை. ஆனால் குறித்துவைப்பதை அப்போதே தொடங்குங்கள். கன்று போட்டபின் வரும் முதல் முட்டை பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து போகும். ஈஸ்ட்ரஜன் மூளையை அசைக்க வேண்டுமானால், அதற்கு முன் சில நாள் புரொஜெஸ்தரோன் மூளையில் படிந்திருக்க வேண்டும். சினையாக இருந்த காலத்துக்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டதால் அந்தப் படிவு இல்லை. உள்ளே முட்டை வந்துவிட்டது, வெளியே மாடு ஒன்றும் நடக்காதது போல அசை போட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த சுற்றில் கத்தும், பயப்படாதீர்கள்.

பார்ப்பது எப்படி

புத்தகங்கள் எல்லாம் ஒரே அறிகுறியைத்தான் முதலில் எழுதும்: இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பது. உண்மைதான், அதைவிட உறுதியான அறிகுறி இல்லை. ஆனால் இது பத்து மாடு திறந்த வெளியில் மேயும் பண்ணைக்கு எழுதியது. மலையகத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு பசு, ஒரு கன்று. புல்லை நாம்தான் அறுத்துக் கட்டித் தலையில் சுமந்து வருகிறோம். ஒற்றை மாடு யார் ஏறுவதற்காக நிற்கும்? ஓமோன் மாட்டை ஆட வைக்கும் சுவிட்ச் இல்லை. அது கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் துணை இருக்க வேண்டும், பயம் இல்லாமல் இருக்க வேண்டும், கால் வழுக்காத தரை இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்க, வெளியே ஒன்றும் தெரியாது. 'என் மாடு பருவத்துக்கே வரல' என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் மாடு மூன்று வாரத்துக்கொரு தரம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதனால் ஒற்றை மாட்டுக்காரர் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். காலை பால் கறக்கும் முன், மாலை பால் கறந்த பின், இரவு படுக்கும் முன் என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது கணக்கில் வராது. அறிகுறிகள் அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் தெரியும், பகலில் தீனிச் சத்தத்திலும் ஆள் நடமாட்டத்திலும் அடங்கிவிடும். மாடு காரணமில்லாமல் கத்துகிறதா? கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வருகிறதா? மற்ற மாடுகள் படுத்து அசைபோடும் நேரத்தில் இது காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறதா? தீனியைப் பாதியில் விட்டதா? நேற்றைக்கு இன்று அரைப் போத்தல் பால் குறைந்ததா? அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போகிறதா? யோனி மடல் வீங்கிச் சிவந்து, சுருக்கம் விரிந்திருக்கிறதா?

கடைசியாக ஒழுக்கு. கண்ணாடி மாதிரித் தெளிவாக, அறுந்துபோகாமல் நூலாக இழுபடும் வழவழப்பு. வாலிலும் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும். காலையில் மாடு படுத்திருந்த இடத்தையும் பாருங்கள். ஒழுக்கு கலங்கி, மஞ்சளாக, நாற்றத்தோடு இருந்தால் அது பருவம் இல்லை, கருப்பையில் நோய். ஊசிக்கு இல்லாமல் வைத்தியத்துக்கு டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

முடிந்தால் மாலையில் மாட்டைக் கயிற்றோடு கிரவுண்டுக்குக் கூட்டிப் போய், அடுத்த வீட்டு மாட்டோடு கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். பத்து நிமிஷத்தில் எது எதன் மேல் ஏறுகிறது, எது நிற்கிறது என்று தெரிந்துவிடும். பசு பசுமேல் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதில் விகாரமும் இல்லை, நோயும் இல்லை. ஈஸ்ட்ரஜன் ஏறிய பசு இரண்டையும் செய்யும், ஏறவும் செய்யும், நிற்கவும் செய்யும். ஆள் கூப்பிடுவதற்கு நிற்கிற மாட்டின் நேரத்தைக் குறியுங்கள். ஏறுகிற மாடும் பருவத்தில் இருக்கலாம், அல்லது நாளைக்கு வரலாம். வால் அடியில் மயிர் கலைந்து, முதுகில் சேறு தேய்ந்திருந்தால் இராத்திரி யாரோ ஏறியிருக்கிறார்கள்.

அதிகம் பால் தரும் மாடுகளில் இதெல்லாம் இன்னும் குறுகும். நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்னும், அதன் ஈரலுக்கு இரத்தம் வேகமாக ஓடும், ஈரல் ஈஸ்ட்ரஜனை வேகமாகக் கழித்துவிடும். மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி மெலிந்துவிடுவதால், பாலுக்குப் பேர்போன மாடு ஐந்தாறு மணித்தியாலத்தில் முடித்துக்கொள்ளலாம். எருமை இதைவிட மோசம், பெரும்பாலும் சத்தமே போடாது.

எப்போது போன் போடுவது

காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. இது பழைய விதி, இன்றும் செல்லும். மாடு நிற்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 28 முதல் 30 மணித்தியாலத்தில் முட்டை வெளியேறும், அதாவது அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. முட்டை உயிரோடிருப்பது அரை நாள்கூட இல்லை. விந்தணு ஒரு நாள் தாங்கும், ஆனால் உள்ளே போய்த் தயாராகச் சில மணித்தியாலம் வேண்டும். ஆகவே விந்தணு முதலில் போய்க் காத்திருக்க வேண்டும், முட்டை பிறகு வர வேண்டும். நான் முதல் தடவை செய்த தவறு இதுதான்: மாடு அடங்கியதும் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஊசிக்கு நல்ல நேரமே அப்போதுதான் இருந்திருக்கிறது.

ஆனால் விதியில் இருக்கும் மாலை, டொக்டர் வரும் மாலை இல்லை. கண்ட உடனே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ, ஊசி போடுபவருக்கோ சொல்லிவிடுங்கள். நீங்கள் கண்ட மணியையும் சொல்லுங்கள். ரோட்டில் மண் சரிந்திருக்கும், மோட்டார் சைக்கிள் மேல் டிவிசன் வரை ஏறாது, போயா நாளாக இருக்கும். ஒருமுறை நான் மூன்று தடவை பேசி, வருகிறேன் வருகிறேன் என்று சொன்னவர் இரண்டாம் நாள் பகலில் வந்து ஊசியைப் போட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போனார். அந்த நேரத்துக்கு அது பசுவுக்கு ஊசி, எனக்குத் தண்டம். பிந்திவிட்டால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த 21ஆம் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவருவது என்ன என்றும் தெரிந்திருக்கட்டும். குண்டசாலையிலுள்ள மத்திய செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் போன்ற இடங்களில் காளையிலிருந்து எடுத்த விந்தை, ஸ்ட்ரோ என்ற மெல்லிய குழாயில் அடைத்து, மைனஸ் 196 பாகைத் திரவ நைதரசனில் வைத்திருப்பார்கள். எந்த இனம், எந்தக் காளையின் இலக்கம் என்று கேட்டு எழுதிவையுங்கள். பிறக்கும் கிடேரிக்கு மூன்று வருஷம் கழித்து அதே இலக்கம் வந்தால் தகப்பன் மகள் கதையாகிவிடும்.

ஊசி போடும் நேரம் யாரும் சத்தம் போடக்கூடாது

இதை நான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். டொக்டர் வந்ததும் லயமே கூடிவிடும். நாய் குரைக்கும், ஒருவர் வாலை முறுக்குவார், ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பார். பயந்த மாட்டின் உடம்பில் அதிரினலின் ஏறும். அது ஒக்சிடோசினுக்கு நேர் எதிரி. கருப்பை மெல்லச் சுருங்கி விந்தை மேலே ஏற்றுவதற்கு உதவுவது ஒக்சிடோசின். பால் விஷயத்தில் இதை 1941இலேயே காட்டிவிட்டார்கள்: கறக்கும்போது மாட்டைப் பயமுறுத்தினாலும், அதிரினலின் ஊசி போட்டாலும், மடியில் பால் இருந்தும் இறங்காது. கறவை தெரிந்த எந்த அம்மாவுக்கும் இது அதற்கு முன்பே தெரியும்.

பயம் நாட்கணக்கில் நீண்டால் இன்னும் மேலே கை வைக்கும். பயத்திலும் அழுத்தத்திலும் சுரக்கும் கோர்டிசோல் என்ற ஓமோன் ஏறிக்கொண்டே இருந்தால், துரை அனுப்பும் சீட்டுகளின் இடைவெளி குழம்பி, எல்.எச். அலை வராமலே போகும். புதிதாக வாங்கி லொறியில் ஏற்றி வந்த மாடு, இடம் பழகும்வரை ஒரு சுற்றுத் தவறுவது வழக்கம். ஆகவே ஊசிக்கு முன்பே மாட்டை நிழலில் கட்டிக் கொஞ்சம் தீனி வையுங்கள். அதற்குப் பழகிய ஒருவர் மட்டும் தலைப்பக்கம் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கட்டும். போட்ட பிறகு அடித்து ஓட்ட வேண்டாம், மேட்டில் ஏற்ற வேண்டாம்.

ஒக்சிடோசினை 'காதல் ஓமோன்' என்று பத்திரிகைகள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்கப் புல்வெளி எலி ஒன்று ஒரே துணையோடு வாழ்வதற்கு இதுதான் காரணம் என்று பல வருஷம் சொல்லி வந்தார்கள். 2023இல், ஒக்சிடோசினை உணரும் வாங்கியே இல்லாமல் அந்த எலிகளைப் பிறக்க வைத்துப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்து குடும்பம் நடத்தின. 2011இல் பீஜிங்கில், மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் இல்லாத ஆண் சுண்டெலிகள் ஆண், பெண் என்று பேதம் பார்க்காமல் நாடின என்று கண்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மனிதர்களுக்கும் தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. ஒரு சரக்கு, ஒரு நடத்தை என்று எங்கேயும் இல்லை. எலிக்கு வந்த விடையைப் பசுவுக்குப் போடுவதே கஷ்டம்.

பிறகு

ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று நாளில் வாலில் இரத்தம் கலந்த ஒழுக்கு தெரியலாம். புதியவர்கள் 'கரு கலைந்துவிட்டது' என்று அழுவார்கள். ஈஸ்ட்ரஜன் சட்டென்று இறங்கியதால் கருப்பைச் சுவரிலிருந்து வருவது அது. சினை பிடித்ததற்கும் அடையாளம் இல்லை, பிடிக்காததற்கும் அடையாளம் இல்லை. ஊசி போடாத மாட்டில் இதைக் கண்டால், பருவம் வந்து போய்விட்டது, நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து பதினெட்டு பத்தொன்பது நாள் எண்ணுங்கள்.

21ஆம் நாளை ஒட்டிக் கத்தாவிட்டால் பாதிச் சந்தோஷப்படலாம். மீதிச் சந்தோஷத்தை இரண்டு மூன்று மாதத்தில் டொக்டர் கைபோட்டுப் பார்த்து உறுதி சொல்லும்வரை வைத்திருங்கள். பிறகு ஊசி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 280 நாள், நம் கணக்கில் ஒன்பது மாதம் பத்து நாள்.

மூன்று தடவை ஊசி போட்டும் பிடிக்காவிட்டால் நான்காவதை அதே மாதிரிப் போடாதீர்கள். டொக்டரிடம் சோதனை கேளுங்கள். எட்டு நாளுக்கொரு தரம், பத்து நாளுக்கொரு தரம் கத்திக்கொண்டு, காளை மாதிரி மண்ணைக் கிளறி எல்லா மாட்டின்மேலும் ஏறும் பசு 'நல்ல சூடு' இல்லை. எல்.எச். அலை வராததால் முட்டைப்பை உடையாமல் நீர்க்கட்டியாக நின்று ஈஸ்ட்ரஜனைக் கொட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குத்தான் மேலே சொன்ன ஜி.என்.ஆர்.எச். சங்கிலியின் நகல் ஊசி உதவுகிறது.

ஓமோன் ஊசிகளைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. பருவத்துக்கு வரவைக்கப் போடும் புரொஸ்டகிளாண்டின், சினை மாட்டுக்குப் போனால் கருவைக் கலைத்துவிடும். மனிதத் தோல் வழியாகவும் ஊறும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமாக்காரர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. கடையில் யாரோ தந்தார்கள் என்று வாங்கிவந்து வீட்டில் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பால் இறங்க ஒக்சிடோசின் ஊசி போடும் பழக்கத்தையும் தொடங்கவேண்டாம். தினம் போட்டால் மாடு ஊசி இல்லாமல் பாலை விடாத நிலைக்கு வந்துவிடும்.

ஆடும் காளையும்

ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம். குளிர்நாட்டு ஆடுகள் பகல் குறுகும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் அவற்றின் மூளைக்குக் கலண்டர். நமக்கு வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை, அதனால் இங்கே வருஷம் முழுவதும் குட்டி போடும். ஆடு பருவத்துக்கு வரவில்லை என்றால் கிடாவை மூன்று நான்கு வாரம் கண்ணிலும் மூக்கிலும் படாத தூரத்தில் பிரித்து வைத்து, பிறகு கொண்டுவந்து பக்கத்தில் கட்டுங்கள். கிடாவின் தலைமயிரிலிருந்து கிளம்பும் 4-எதில்ஒக்டனல் என்ற வாசனைப் பொருள் பெட்டையின் மூளையில் ஜி.என்.ஆர்.எச். துடிப்பை எழுப்புகிறது என்று 2014இல் ஜப்பானில் காட்டினார்கள். அடுத்த லயத்துக்கும் எட்டும் அந்த நாற்றத்துக்கு ஒரு பிரயோசனம் இருக்கிறது, அயலாரிடம் சொல்லிப் பாருங்கள்.

காளை வைத்துச் சேர்ப்பவர்கள் காளையின் மேல் உதட்டைக் கவனியுங்கள். பசுவின் மூத்திரத்தை முகர்ந்து, தலையைத் தூக்கி, உதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். சிரிக்கிறது என்பார்கள். வாய் மேலண்ணத்துக்கு மேலே உள்ள ஒரு தனி உறுப்புக்கு அந்த வாசனையை இழுத்து ஏற்றுகிறது. காளையின் இந்த மூக்கை நம் இருபது நிமிஷப் பார்வையால் ஈடுசெய்ய முடியாது. ஆனால் எந்தக் காளை எங்கிருந்து என்ன நோயைக் கொண்டுவருகிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால், நான் ஊசியோடு இருந்துகொள்கிறேன்.

என் பசு கடைசியாகக் கத்தியது ஒரு வியாழன் இரவு, ஒன்பதே முக்கால். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன், பாம்பைத் தேடவில்லை, வாலைத் தூக்கிப் பார்த்தேன். பெரியவர் காம்பராவிலிருந்தே சத்தம் கொடுத்தார்: "என்ன தம்பி, கண்ணாடி மாதிரியா?"

"கண்ணாடி மாதிரிதான் தாத்தா."

"அப்ப படுத்துக்க. ஆறு மணிக்குப் போன் போடு."